கனகாம்பரம் விற்பனைக்கு

“விற்பனைக்கு: 1972-ம் வருஷத்து டாட்ஸன் 240 இஸட் ஸ்போர்ட்ஸ் கார். ஆரஞ்சு வர்ணம். 1975 முதல் ஒரே குடும்பத்தில் இருந்து வருவது. நன்றாகப் பாதுகாக்கப்பட்டது. துரு கிடையாது.”

என் கணவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய விளம்பரம் இது. இதில் ஐந்து வாக்கியங்கள் இருக்கின்றன. நாலு நிஜம், ஒன்று பொய். எழுதின சமயத்தில் அது பொய் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தால் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

மோட்டார் வண்டியைப் பற்றி இந்தப் பாட்டி என்ன எழுதிவிடப் போகிறாள் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கும் அந்த வண்டிக்கும் உள்ள உறவு வெகு நாளையது. சக்களத்தி உறவு என்றே வைத்துக்கொள்ளுங்களேன். எனக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்தவள் அவள்தான்.

என் கணவர் கலிபோர்னியாவில் படித்து, அங்கேயே உத்தியோகமும் பார்த்து வந்தார். 1975-ல் மூன்று வருஷப் பழசான இந்த வண்டியை வாங்கினார். அந்த வருஷக் கடைசியில் திருச்சிக்கு வந்து என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். 1976-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ விமான நிலையத்தில் நான் இறங்கியபோது அழைத்துப்போக அவரும் வண்டியும் வந்திருந்தார்கள். அவருக்கு முன்னால் என் கண்ணில் பட்டது வண்டிதான். நீண்ட மூக்கு, குட்டை வால். அந்த நிறம்! ஆரஞ்சு என்கிறார்கள், எனக்கென்னவோ மலைக்கோட்டை வாசலில் பூக்காரி கூடையில் குவித்து வைத்திருக்கும் கனகாம்பரம்தான் ஞாபகம் வந்தது. அன்று வைத்த பெயர் இன்று வரை நிலைத்துவிட்டது.

அதில் இரண்டே ஆசனங்கள். பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கடியில் பெட்டி வைக்கக் கொஞ்சம் இடம். என் பெட்டிகள் மூன்று. இரண்டு பின்னால் ஏறின. மூன்றாவதான ஊறுகாய்ப் பெட்டி என் மடியில் ஏறிற்று. போதாக்குறைக்கு, காற்று வேண்டுமென்று ஜன்னலைத் திறந்தால், வண்டி கக்கும் புகையே பின்கதவு இடுக்கு வழியாக உள்ளே திரும்பி வந்தது. அந்த ரக வண்டிகளுக்கு இது சுபாவம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் தலைவலி ஒன்றுதான்.

“குடும்பம் நடத்த இரண்டு பேர் வண்டி எதுக்குங்க?” என்றேன், வீடு போய்ச் சேர்ந்ததும்.

“நாம இரண்டு பேர்தானே?” என்றார் அவர். இதற்கு என்ன பதில் சொல்வது?

அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டியின் புராணத்தை நான் கேட்டாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 1969-ல் வெளிவந்தது. அமெரிக்காவுக்கு 1970-ம் வருஷத்து மாடலாக வந்து இறங்கியபோது விலை சுமார் 3,500 டாலர். ஆறு ஸிலிண்டர், 2,393 ஸி.ஸி. எஞ்சின், சுமார் 150 குதிரைச் சக்தி, மணிக்கு 200 கிலோமீட்டர் வரை ஓடும். அந்த வேகத்தில் ஐரோப்பிய வண்டி வேண்டுமென்றால் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டிய காலம் அது. மாதச் சம்பளக்காரனும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்பதுதான் அதன் பெருமை.

பெயர்க் கதை இன்னும் வேடிக்கை. ஆதியில் டென், அவோயாமா, டகேயுச்சி என்ற மூன்று பேர் பணம் போட்டார்கள். அவர்கள் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து ‘டாட்’ என்று ஒரு வண்டி வந்தது. பிறகு சிறிய வண்டி ஒன்று செய்து, ‘டாட்டின் மகன்’ என்று பொருள்பட இங்கிலீஷில் ‘ஸன்’ சேர்த்தார்கள். ஆனால் அந்த எழுத்துக்களை ஜப்பானியர் வாசித்தால் ‘ஸோன்’ என்று வரும். அவர்கள் பாஷையில் அதற்கு நஷ்டம் என்று அர்த்தமாம்! வியாபாரத்துக்கு இதைவிட அபசகுனம் உண்டா? ஒரே ஒரு எழுத்தை மாற்றினார்கள். மகன் போய்ச் சூரியன் வந்தான், டாட்ஸன் பிழைத்தது.

இந்த வண்டிக்கு ஜப்பானில் வைத்த பெயர் ‘ஃபேர்லேடி’; அழகி என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் அந்தக் கம்பெனியை நடத்திய கடயாமா என்பவர், இந்தப் பெயரில் வேக வண்டி விற்றால் இந்த ஊர் ஆண்பிள்ளைகள் வாங்கமாட்டார்கள் என்று சொல்லி, அந்தப் பெயர்த் தகட்டைக் கழற்றிவிட்டு 240 இஸட் என்று மாட்டினாராம். அவர் 105 வயது வரை வாழ்ந்து 2015-ல் காலமானார். நல்ல மனிதர்தான்; ஆனால் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பெண் பெயர் வைத்தால் வண்டி ஓடாதா?

என் கணவருக்கு இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஆப்பிரிக்காவில் நடக்கும் ஸஃபாரி ராலி. சேறும் கல்லுமாகக் கிடக்கும் பாதைகளில் நடந்த அந்தப் பந்தயத்தில் இதே ரக வண்டி 1971-லும் 1973-லும் முதலாவதாக வந்தது. 1973-ல் ஓட்டியவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சத்தவரான ஷேகர் மேத்தா. அதற்கு முந்தின வருஷம்தான் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை விரட்டியிருந்தார்கள். “ஊரை விட்டு வந்தவன் ஜெயிச்ச வண்டி” என்பார் என் கணவர். அதைச் சொல்லும்போது அவர் மேத்தாவைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும்.

விளம்பரத்தில் ‘நன்றாகப் பாதுகாக்கப்பட்டது’ என்று இருக்கிறதே, அதன் ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். இரண்டு பேர் வண்டியில் நாலு பேர் ஏற முடியாது. ஆகவே பெரிய வண்டி ஒன்று வாங்கினோம். கனகாம்பரம் ஷெட்டுக்குள் போயிற்று. வண்டி பிழைத்ததற்கு முதல் காரணம் குழந்தைகள்.

இரண்டாவது காரணம் அவர். நிறுத்தியே வைத்தால் பெட்ரோல் பிசுக்காகிவிடும், ரப்பர்கள் காய்ந்துபோகும் என்று ஞாயிறு தவறாமல் பத்து மைல் ஓட்டிவிட்டு வருவார். வந்து துணியால் துடைப்பார். குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது கூட அவ்வளவு பொறுமையை நான் கண்டதில்லை.

மூன்றாவது காரணம் நான். இந்த வண்டிகளில் முன்பக்கத்துக் கருவிப் பலகை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துவிடும். வெடிக்காத பலகை கிடைப்பது அபூர்வம். எங்கள் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. காரணம், 1980-லிருந்து அதன் மேல் விரித்திருப்பது என்னுடைய மதுரைச் சுங்கடிப் புடவை. சக்களத்திக்குப் புடவை கொடுத்தவள் நான்!

இப்படி இருக்கையில்தான் அவருக்குக் கண்ணில் கோளாறு வந்தது. விழித்திரையின் நடுப்பாகம் தேய்ந்துபோகும் வியாதி என்றார் டாக்டர். ஓரங்கள் தெரியும், நேராகப் பார்ப்பது தெரியாது. “உன்னைப் பார்த்தால் முகம் தெரியலே, தோடு மட்டும் தெரியுது” என்று வேடிக்கையாகச் சொல்வார். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று வேடிக்கை பேசவில்லை. சாவியைக் கொண்டுவந்து ஸ்வாமி படத்தருகில் வைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒரு வருஷம் அது அங்கேயே இருந்தது. அதற்குள் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. சமையலறையில் மழை நாட்களில் பக்கெட் வைத்தேன். கூரையை மாற்ற அவர்கள் கேட்ட தொகையைக் கேட்டால் கூரை இல்லாமலே இருந்துவிடலாம் போலிருந்தது. ஒரு நாள் அவரே, “கனகாம்பரத்தைக் கொடுத்துடலாம்” என்றார். வண்டியை அவர் அந்தப் பெயரால் அழைத்தது அதுதான் முதல் தடவை.

பேரனுக்கு ஒரே உற்சாகம். “பாட்டி! 2020-ல் இதே மாதிரி 1971-ம் வருஷத்து வண்டி ஒண்ணு இணைய ஏலத்திலே 3,10,000 டாலருக்குப் போயிருக்கு!” என்று குதித்தான். நானும் அரை மணி நேரம் மனசுக்குள் மாளிகை கட்டினேன். அப்புறம் விசாரித்ததில், அது அதிகம் ஓடாமல் புதுசு போலவே இருந்த வண்டி என்று தெரிந்தது. எங்களுடையது 61,000 மைல் ஓடியது, ஒரு முறை வர்ணம் அடித்தது. அதற்குத் தகுந்த விலை 38,000 டாலர் என்று யோசித்துப் போட்டோம்.

விளம்பரம் வந்த மூன்றாம் நாள் தூரத்து மாகாணத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அரை மணி நேரம் பேச்சு. கடைசியில் 36,000 என்று முடிந்தது. வெள்ளிக்கிழமை பணமும் லாரியும் அனுப்புகிறேன் என்றார். வைப்பதற்கு முன் அவர் கேட்ட கேள்வி ஒன்று என் காதிலும் விழுந்தது: “பாட்டரித் தட்டு எப்படி இருக்கிறது?”

“பளிங்கு மாதிரி” என்றார் என் கணவர்.

பாட்டரித் தட்டில் அப்படி என்ன விசேஷம் என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு. அவர் மத்தியானம் தூங்கும்போது ஷெட்டுக்குப் போய் பானெட்டைத் திறந்தேன். பார்வைக்கு எல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துப் பாட்டரியின் ஓரத்தில் விட்டுத் தேய்த்தேன். வர்ணம் பொரித்த அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. பேரனைக் கூப்பிட்டு பாட்டரியைத் தூக்கச் சொன்னேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. ஓரிடத்தில் விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. பாட்டரி அமிலம் சொட்டுச் சொட்டாக இறங்கி, வர்ணத்தைத் தின்று, தகட்டைத் தின்று, கீழே சட்டத்துக்கு இறங்கும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த ரக வண்டிகளுக்கு இது பிறவி நோய் என்றும், விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பார்க்கும் இடமே இதுதான் என்றும் பேரன் தேடிப் படித்துச் சொன்னான்.

“தாத்தாகிட்ட சொல்லாதே” என்றேன். பாட்டரியைத் திரும்ப வைத்து மூடினோம்.

இரண்டு நாள் அந்த விஷயத்தை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு நடமாடினேன். நான் ஒன்றும் அரிச்சந்திரன் பரம்பரை அல்ல. ‘நாம் சொன்னது பொய்யா? தெரியாமல் சொன்னதுதானே? வாங்குகிறவர் நேரில் வந்து பார்த்து வாங்கட்டுமே!’ என்றெல்லாம் மனசு வக்கீல் மாதிரி வாதம் செய்தது. பக்கெட்டில் சொட்டும் தண்ணீர் வேறு அந்த வக்கீலுக்குச் சாட்சி சொல்லியது.

வியாழக்கிழமை இரவு வழக்கம்போல் அவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டினேன். மாத்திரைகளை எண்ணி அவர் கையில் வைத்தேன். அவர் அவற்றைத் தடவிக்கூடப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார். அப்போது எனக்குச் சுரீர் என்றது. இவருக்குக் கண்ணாக இருப்பேன் என்று நான் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. கண் தனக்குப் பிடித்ததை மட்டும் பார்த்துச் சொல்வது என்று ஆரம்பித்தால் அந்தக் கண்ணை எப்படி நம்புவது?

“என்னங்க, வண்டியிலே துரு இருக்கு” என்றேன்.

“உனக்கு என்ன தெரியும்?” என்று சீறினார். “நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேலே நான் துடைச்ச வண்டி!”

நான் பதில் பேசவில்லை. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டேன்; அவருக்கு அதனால் பிரயோஜனமில்லை என்று ஞாபகம் வந்து திரும்ப வைத்துவிட்டேன். கையைப் பிடித்து ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். பேரன் பாட்டரியைத் தூக்கினான். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தத் துவாரத்தில் வைத்தேன்.

விரலை வெகு நேரம் அவர் எடுக்கவில்லை. துருவின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் துடைச்சேனே” என்றார் மெதுவாக. பார்வை போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது கூட அந்தக் குரல் அப்படி இறங்கியதில்லை.

“பாட்டரிக்கு அடியிலே யாரால துடைக்க முடியும்?” என்றேன்.

மறுநாள் காலையில் அவரே அந்த மனிதருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னார். அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தவர்தான். லாரியும் வரவில்லை, பணமும் வரவில்லை. “எடு பேப்பரை” என்றார் என் கணவர். விளம்பரத்தின் கடைசி வாக்கியத்தை அடிக்கச் சொன்னார். அந்த இடத்தில், “பாட்டரித் தட்டின் அடியில் உள்ளங்கை அளவு துரு; ஓரிடத்தில் துவாரம். மற்ற இடங்களை வந்து பார்த்துக்கொள்ளவும்” என்று எழுதச் சொன்னார்.

மூன்று வாரம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு மழை பெய்தது. பக்கெட்டை மாற்றி அண்டாவை வைத்தேன். உண்மை பேசினால் உடனே பலன் கிடைக்கும் என்று கதைகளில் எழுதுகிறவர்கள் எங்கள் சமையலறையை வந்து பார்த்திருக்க வேண்டும்.

நாலாவது வாரம் வந்தாள் ஒருத்தி. முப்பத்தைந்து வயசிருக்கும். தொழிற்கல்விக் கூடத்தில் தகடு ஒட்டும் வேலை, வெல்டிங், கற்றுக் கொடுக்கிறவளாம். பையில் ஒரு கைக்கண்ணாடி, டார்ச் விளக்கு, துணி சுற்றிய காந்தம். காந்தம் எதற்கு என்று கேட்டேன். அழுகிய தகட்டை மறைக்க மேலே பசை பூசி வர்ணம் அடித்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாதாம். வீட்டில் பாத்திரம் வாங்கும்போது நாம் தட்டிப் பார்க்கிறோமே, அந்த மாதிரி! சக்கரங்களுக்கு மேலேயும், கதவுகளுக்குக் கீழேயும், பின்கதவு ஓரத்திலும் வைத்து வைத்துப் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஒட்டிற்று. தரையில் மல்லாந்து படுத்துச் சட்டங்களைத் தட்டிச் சத்தம் கேட்டாள். எஞ்சினில் பொறித்த எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தாள். கடைசியில்தான் பாட்டரியைத் தூக்கினாள்.

“நீங்கள் எழுதியிருந்த அளவேதான் இருக்கிறது” என்றாள் சிரித்துக்கொண்டே. “நான் இதுவரை ஒன்பது வண்டி பார்த்துவிட்டேன். ஒன்பது விளம்பரத்திலும் துரு இல்லை. ஒன்பது வண்டியிலும் இருந்தது. துரு இருக்கிறது என்று எழுதினவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன்.”

சுங்கடிப் புடவையை விலக்கிக் கருவிப் பலகையைப் பார்த்தபோது மட்டும் அவள் வாயைப் பிளந்தாள். என் கணவர் உடனே, “அது இவள் வேலை” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வண்டி விஷயமாக எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு!

31,000 டாலருக்கு முடிந்தது. ஐயாயிரம் குறைவுதான். கூரைக்குப் போதும், மிச்சமும் உண்டு. இந்த ஊரில் வண்டிச் சொத்துப் பத்திரத்தை ‘பிங்க் ஸ்லிப்’ என்பார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரலைக் கொண்டு போய் வைத்தேன். நடுங்காமல் போட்டார்.

புறப்படும் முன் அவள், “ஒரு சுற்றுப் போய்விட்டு வருவோமா?” என்று அவரைக் கேட்டாள். அவர் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்தார். சோக் எங்கே இருக்கிறது, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அவள் கையைப் பார்க்காமலே சொல்லிக் கொடுத்தார். இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் தலை கலைந்திருந்தது. 1976-ல் விமான நிலையத்தில் பார்த்தேனே, அதே தலை.

புடவையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவள் தயங்கினாள். “இருக்கட்டும், வெயில் படும்” என்று நானே விரித்து விட்டேன்.

வண்டி தெருமுனை திரும்பியது. எனக்குக் கனகாம்பரம் மறைந்துவிட்டது. அவர் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“மூணாவது கியருக்குச் சரியா மாத்திட்டா” என்றார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். “நல்லா ஓட்டறா.”

கடயாமா எந்தப் பெயரைக் கழற்றினால் என்ன, வண்டி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

“காப்பி போடட்டுமா?” என்றேன்.

“போடு” என்றார். நான் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.